அறிவித்தலின் அடியில் ஓர் இலக்கம்

ஒஸ்லோவில் ஒரு தமிழர் வீட்டுக்குத் துக்கச் செய்தி வந்தால், முதல் அழுகை அடங்கியதும் யாராவது ஒருவர், "ராசமலர் அக்காவுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்பார். ராசமலர் அந்த வீட்டுக்குச் சொந்தம் இல்லை. இறந்தவரைப் பெரும்பாலும் அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அவருக்குச் சொன்ன பிறகுதான் வீட்டிலுள்ளவர்கள் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தொடங்கிய பழக்கம் அது. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் அவர் குடியிருந்த மாடிக்கு மேல்மாடியில் ஒரு பெடியனின் தகப்பன் ஊரில் காலமாகிவிட்டார். சாவுக்குப் போக வழியில்லை. தொலைபேசி ஓயாமல் அடித்தது. அழைத்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எப்படி நடந்தது, எப்ப நடந்தது, ஆர் கொள்ளி வைக்கிறது, அம்மா எப்படி இருக்கிறா. அந்தப் பெடியன் ஒவ்வொருவருக்கும் தகப்பனை மறுபடி சாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். சோறு கொண்டுபோன ராசமலர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்சை தாரும் தம்பி" என்று ரிசீவரை வாங்கிக்கொண்டார். வானொலிக்காரர்கள் அறிவித்தலின் அடியில் போட நோர்வே இலக்கம் ஒன்று கேட்டபோது, தன் வீட்டு இலக்கத்தையே கொடுத்தார்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வானொலியிலும் இணையத்தளங்களிலும் வரும் மரண அறிவித்தல்களின் அடியில், 'தொடர்புகளுக்கு' என்ற சொல்லுக்குக் கீழே, லண்டன், கனடா, பிரான்ஸ் இலக்கங்களோடு நோர்வே என்று ஓர் இலக்கம் இருந்தால் அது அனேகமாக ராசமலருடையதாக இருக்கும். அறிவித்தலையும் அவரே எழுதிக் கொடுப்பார். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும் என்று உறவுகளைக் கோத்துக்கொண்டு போவது இலகுவான வேலை இல்லை. மூத்த மருமகனின் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டால் அவர் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வரமாட்டார். பெயர் விட்டுப்போன ஒரு பெறாமகள் இருபது வருடத்துக்குக் கதைக்கமாட்டாள். அதனால் ராசமலர் ஒவ்வொரு நாட்டுக்கும் எடுத்து, வன்னியில் இருப்பவர்களுக்குக் கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கடைக்கு எடுத்து, ஆளைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்து, பெயர்களைச் சரிபார்ப்பார்.

"உமக்கு வாற போன் கோல் எல்லாம் செத்த ஆக்களுக்குத்தான். உயிரோடை இருக்கிற ஆராவது எடுக்கினமோ?" என்பார் கணவர் பாலேந்திரன். அவர் பஸ் ஓட்டினார். வேலை முடிந்து வந்தால் வீட்டில் அமைதி வேண்டும் அவருக்கு.

"நீங்கள் எடுக்கிறியள்தானே, இண்டைக்கு என்ன கறி எண்டு கேட்டு."

இறந்தவர்களில் வயதாகிப் போனவர்களும் இருந்தார்கள், இயக்கத்தில் இருந்த பிள்ளைகளும் இருந்தார்கள். ராசமலர் அதை வேறுபடுத்திப் பார்த்ததில்லை. தாய் யார், தகப்பன் யார், கூடப்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் அவர் கேட்பது. பகலில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டு, மூக்குத் துடைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து சாவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்த முகம். யாருடைய வீட்டுக் கதையையும் இன்னொரு வீட்டில் சொன்னதில்லை.

ஒரேயொரு அறிவித்தல் மட்டும் அவர் எழுதியும் வெளிவரவில்லை. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, நோர்வே முகாம் ஒன்றில் நாளைக் கடத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கிளிநொச்சியில் இருந்த தாய்க்குச் செய்தி சொன்னது ராசமலர்தான். நீண்ட நேரம் அழுத பிறகு அந்தத் தாய் கேட்டாள்: "பிள்ளை, இதை ஒருதருக்கும் சொல்லாதேங்கோ. காய்ச்சல் வந்து செத்தவன் எண்டு சொல்லுவம். அறிவித்தலும் வேண்டாம்." ராசமலர் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். பாலேந்திரனுக்கும் சொல்லவில்லை, மகள் மயூராவுக்கும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் இங்கேயும் வேண்டாம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இருவர் அவரைப் பார்க்க வந்தார்கள். பாதுகாப்புப் பொலிசில் இருந்து வருகிறோம் என்று முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, அவருக்கு வசதியான நாளையும் கேட்டு வந்தவர்கள். ஓர் ஆண், ஒரு பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார்கள். ராசமலர் தேநீரும் ரோல்சும் வைத்தார். அந்தப் பெண், உறைப்பில் கண் கலங்கியபடியே இரண்டாவதையும் எடுத்தாள்.

அவர்கள் கேட்க வந்தது ஒன்றைத்தான். வன்னியில் ஒருவர் இறந்ததும் உங்களுக்கு அழைப்பு வருகிறது. உடனே நீங்கள் ஐந்தாறு நாடுகளுக்கு எடுக்கிறீர்கள். பிறகு மறுபடி கிளிநொச்சிக்கு எடுக்கிறீர்கள். ஏன்?

ராசமலருக்கு ஒளித்துமறைக்க ஒன்றும் இருக்கவில்லை. இணையத்தில் வந்த அறிவித்தல் ஒன்றை மயூராவின் கணினியில் திறந்துகாட்டி, வரிவரியாக நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தினார். மருமகன்மாரின் வரிசைக் கதையைச் சொன்னபோது அந்த ஆண் வாய்விட்டுச் சிரித்தார். தன் தகப்பனின் இறுதிச்சடங்கில் முன்வரிசையில் யார் இருப்பது என்பதில் தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை என்றார். "இப்போது விளங்குகிறது. நன்றி" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று இரவு பாலேந்திரன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "தேவையில்லாத வேலை. இனி ஒருதருக்கும் நம்பர் குடுக்காதையும்."

"கேட்டவை, சொன்னனான். நல்ல மனிசர். ஊரிலை மாதிரி வான் கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகேல்லைத்தானே. இது நோர்வே, இஞ்சருங்கோ."

ராசமலருக்கு இந்த நாட்டின் மேல் அந்த நம்பிக்கை இருந்தது. கேட்டால் பதில் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள், கேட்டால் அதோடு முடிந்தது. அந்த இருவர் நல்லவர்கள் என்று அவர் நினைத்ததிலும் பிழையில்லை. அவர் அறியாதது வேறொன்று. நாடுகளுக்கிடையே தகவல் போய்வரும் பாதை ஒன்று இருந்தது. அவருடைய இலக்கம் அந்தப் பாதையில் போனது. அவர் மேசையில் வைத்துச் சொன்ன விளக்கம் ஒஸ்லோவிலேயே நின்றுவிட்டது.

அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி, இந்திரகுமார். லண்டனில் இருந்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தான். அவனால் ஒஸ்லோவுக்கு வர முடியாது. "நீ ஒருக்கா வந்து நாலு நாள் நில் அக்கா. உன்ரை கையாலை தின்ன வேணும்போலை இருக்கு" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மறு வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு ராசமலர் புறப்பட்டார். பெட்டியில் மிளகாய்த்தூளும், உப்பைக் குறைத்துப் போட்ட வடகமும் இருந்தன. அவர் கையில் நோர்வே கடவுச்சீட்டு. வீசா தேவையில்லை. இரண்டு மணித்தியாலப் பறப்பு.

லண்டன் விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, திரையைப் பார்த்தார். மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தார். ஒரு பக்கமாக இருக்கச் சொன்னார். பிறகு ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரிப் பெண். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், ஒலிபெருக்கி வழியாக. குரலைக் கேட்டதுமே தெரிந்தது, தமிழ்நாட்டுக்காரர்.

"அம்மா வணக்கம். அவங்க கேக்குறதை நான் அப்படியே சொல்றேன். நீங்க நிதானமா பதில் சொல்லுங்க."

அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தார். கஷ்டப்பட்டு உச்சரித்தாலும் ராசமலருக்கு விளங்கியது. மாங்குளத்தில் இறந்துபோன ஒரு பெரியவர்.

"இவர் உங்களுக்கு என்ன சொந்தம்னு கேக்குறாங்க."

"சொந்தம் இல்லை."

இன்னொரு பெயர். "சொந்தம் இல்லை." இன்னொன்று. "அவவையும் எனக்குத் தெரியாது." பெயர்கள் வந்துகொண்டிருந்தன. இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அந்த அறையில் தன் குரல் பொய்க்காரியின் குரலாக மாறுவதை ராசமலரே கேட்டார்.

"எல்லாத்துலயும் உங்க நம்பர்தான் இருக்குன்னு சொல்றாங்கம்மா."

"ஓம், என்ரை நம்பர்தான். அவையள் துக்கத்திலை இருப்பினம். போன் கதைக்க ஏலாது. அதுக்காக நான் குடுக்கிறனான்."

அதிகாரிக்கு அதை ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன், மொழிபெயர்ப்பாளர் தன்பாட்டுக்குக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்கம்மா, புரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். சொந்தக்காரங்க இல்லாதவங்க நம்பரை எதுக்கும்மா போடுவாங்க? எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் இல்லையே."

தமிழ் கதைக்கும் ஒருவருக்கே விளங்காததை ராசமலர் எப்படி ஆங்கிலேயப் பெண் ஒருத்திக்கு விளங்கப்படுத்துவது? அவர் ஒஸ்லோவைச் சொன்னார். இதையெல்லாம் நான் எங்கள் பொலிசுக்குச் சொல்லிவிட்டேன், அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள், விளங்கியது என்று சொன்னவர்கள், கேட்டுப் பாருங்கள். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒன்றும் இதில் இல்லை என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்னார்.

பிறகு இன்னொரு பெயரை வாசித்தார்.

அறிவித்தல் வெளிவராத அந்தப் பிள்ளையின் பெயர்.

"இந்தப் பையன் தூக்கு மாட்டிக்கிட்டான்னு இவங்க தாள்ல இருக்கும்மா. அவங்க அம்மாகிட்ட நீங்க ரொம்ப நேரம் பேசியிருக்கீங்க. இதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேசிக்கிட்டீங்களாம். எதை மறைக்கிறதுக்குன்னு கேக்குறாங்க."

ஒரு தாய் கேட்டு, ராசமலர் கொடுத்த வாக்கு, எந்த வழியால் போயோ அந்த அறைக்கு அவருக்கு முன்னால் வந்து காத்திருந்தது. அதன் பிறகு கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. அது அவருக்குப் பாதகமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

அன்று மாலையே திருப்பி அனுப்பினார்கள். வெளியே தம்பியின் மனைவி கார் கொண்டுவந்து காத்திருந்தாள். இந்திரகுமாரும், அன்றைக்குச் சிகிச்சை முடித்த களையோடு, வரமாட்டேன் என்று சொல்லாமல் காரில் ஏறி வந்திருந்தான். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அக்காவும் தம்பியும் ஒரு மத்தியானம் முழுவதும் இருந்தார்கள். பெட்டியை அவனிடம் கொடுக்கலாமா என்று ராசமலர் கேட்டார். முடியாது என்றார்கள்.

மயூரா சட்டம் படிக்கவில்லை, கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நோர்வேயில் பிறந்த பிள்ளை. நாடு பிழை விட்டால் நாட்டிடமே கேட்கலாம் என்று வளர்ந்தவள். "அம்மா, நாங்கள் க்லாகே போடுவம். இப்பிடியே விடேலாது" என்றாள். முறைப்பாட்டுக்கு அவள் வாயில் வரும் சொல் அதுதான். பல்கலைக்கழகத்துச் சிநேகிதி ஒருத்தி மூலமாக ஹில்டே என்ற வழக்கறிஞரைப் பிடித்தாள். புலனாய்வுச் சேவைகளை மேற்பார்வை செய்யும் குழு ஒன்று இருக்கிறது, அதற்கு எழுதலாம் என்றார் ஹில்டே. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய, நேராகப் பேசும் பெண்.

"பெயரெல்லாம் இணையத்தில் வந்த பெயர்கள். யாரும் எடுத்திருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். இணையத்தில் இல்லாத ஏதாவது அவர்கள் கையில் இருந்ததா?"

ராசமலர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மயூரா தாயைப் பார்த்தாள்.

"இருந்தது" என்றார் ராசமலர். "ஒரு பேர். அறிவித்தல் வரேல்லை. நான் தாயோடை மட்டும்தான் கதைச்சனான்."

ஹில்டே பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அது ஒன்று போதும் என்றார். உங்கள் தொலைபேசிப் பேச்சு கேட்கப்பட்டது, அது வெளிநாட்டுக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெயர் என்ன? எப்போது இறந்தார்? எப்படி?

"அந்தப் பேரை விட்டிட்டு எழுதுங்கோ."

ஹில்டே பொறுமையாக விளங்கப்படுத்தினார். அந்தப் பெயர் இல்லாவிட்டால் முறைப்பாட்டில் ஒன்றுமே இல்லை. குழுவிலுள்ளவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

"காக்கக் கடமைப்பட்டவை எண்டுதான் எல்லாரும் சொல்லினம்" என்றார் ராசமலர். "அந்தத் தாய் என்னட்டைச் சொன்னவ. நான் இன்னொரு பேப்பரிலை எழுத மாட்டன்."

வெளியே வந்து தெபானெ சுரங்க ரயில் நிலையத்தில் நிற்கும்போது மயூரா வெடித்தாள். "மாமாவைப் பாக்கிறது உங்களுக்கு முக்கியமில்லையோ? அந்தப் பெடியன் செத்திட்டான் அம்மா. அவனுக்கு என்ன?"

"தாய் இருக்கிறா."

"அவவுக்கு இது தெரியவே போறதில்லை!"

"எனக்குத் தெரியும்தானே."

பெயர் இல்லாமலே முறைப்பாடு போனது. மாதக்கணக்கில் பதில் இல்லை. பிறகு சின்னப் பதில் ஒன்று வந்தது: பரிசீலித்தோம், விமர்சிக்க வேண்டிய எதையும் காணவில்லை. கண்காணித்தோம் என்றும் இல்லை, கண்காணிக்கவில்லை என்றும் இல்லை. ஹில்டே தனக்குத் தெரிந்த அளவில் சொன்னார்: நட்பு நாடு ஒன்று தந்த தகவலை அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று நாடுகளுக்குள் ஒரு விதி இருக்கிறது. லண்டனில் கேட்டால் அது வேறு நாடு தந்தது என்பார்கள். இங்கே கேட்டால், கொடுத்தோமா இல்லையா என்பதே இரகசியம்.

ராசமலர் கேட்டார்: "பக்கத்து வீட்டுக்குச் சட்டியிலை கறி குடுத்து விட்டால், சட்டி எங்கடை, கறி அவையின்ரை. கறி பழுதெண்டு கேட்டால் அவை சட்டியைக் காட்டினம், நாங்கள் கறியைக் காட்டுறம். இதிலை சமைச்சது ஆர் எண்டு ஒருதரும் சொல்ல மாட்டினம், என்ன?"

ஹில்டே சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். பிறகு தன் யோசனையைச் சொன்னார். உங்கள் இலக்கம் கொஞ்சக் காலம் அமைதியாக இருக்கட்டும். அறிவித்தல் வேண்டாம், வன்னிக்கு அழைப்பு வேண்டாம். பிறகு தம்பியின் மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே அனுமதி கேட்டு விண்ணப்பிப்போம். தரக்கூடும்.

இலக்கத்தை அமைதியாக்க ராசமலர் பாடுபட வேண்டியிருக்கவில்லை. ஊர் அந்த வேலையைச் செய்துவிட்டது. அக்காவின் போனைக் கேட்கிறார்களாம் என்ற கதை எப்படியோ பரவியிருந்தது. அதிலிருந்து இன்னொரு கதை முளைத்தது: அக்காவே கேட்கவிடுகிறாவாம். ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் எமிலி எதிர்ப்பட்டாள். புருசன் செத்தபோது ராசமலரின் தோளில் கிடந்து அழுதவள்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இவரின்ரை ஆண்டு நினைவுக்குப் போடுற அறிவித்தலிலை உங்கடை நம்பரை எடுத்துப்போட்டன். மூத்தவன் கனடாவுக்குப் போக நிக்கிறான். பிறகு ஏதும் தடங்கல் வந்தால்..."

"அதுக்கென்ன எமிலி. நல்லது."

"உங்களிலை ஒண்டுமில்லை அக்கா."

"விளங்குது. பெடியனைச் சுகமாப் போகச் சொல்லும்."

வீட்டுக்கு வந்து பாலேந்திரனிடம் இதைச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. தொலைபேசி அடிக்காத வீடு அவர் ஆசைப்பட்டதுதான். கிடைத்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தரம் ரிசீவரைத் தூக்கி, வேலை செய்கிறதா என்று பார்த்ததை ராசமலர் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. வன்னியில் சனங்கள் ஒரு சிறு துண்டு நிலத்துக்குள் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாளாந்தம் ஆட்கள் கூடி நின்றார்கள்; மயூரா வகுப்புக்குப் போகாமல் அங்கே நின்றாள். லண்டனில் இந்திரகுமாருக்கு இருதயமும் பலவீனமாகிவிட்டது. பங்குனியில் ஹில்டே விண்ணப்பத்தை அனுப்பினார். இந்த முறை சாதகமாக இருக்கும் போலத் தெரிகிறது, யாருக்கும் அழைப்பு எடுத்துவிடாதீர்கள் என்று மறுபடி நினைவுபடுத்தினார்.

சித்திரையில் ஒரு பின்னேரம் வின்சென்ற் வந்தான். மோர்டென்ஸ்ருட்டில் இருப்பவன், மன்னார்ப் பக்கம். முன்னே பின்னே பழக்கமில்லை. வாசலிலேயே நின்றான்.

"போன் எடுக்கேல்லை அக்கா, உங்களுக்குப் பிரச்சினை எண்டு சொன்னவை. அதுதான் நேரை வந்தனான்."

தாய் மேரியம்மா, அடம்பனில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவர். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் வரைக்கும் போய், அங்கே எறிகணை விழுந்து இறந்துவிட்டார். அடக்கம் செய்தார்களா என்பதே நிச்சயமில்லை. கண்டவர் ஒருவர் சொல்லி, அவர் சொன்னதை இன்னொருவர் சொல்லி வந்த செய்தி.

"பூசைக்குக் குடுத்திட்டன். ஆனால் அக்கா, ஒரு அறிவித்தலாவது வரவேணும். அவ இருந்தவ எண்டு. நோர்வே நம்பர் கேக்கினம். என்னட்டை ஒழுங்கான பேப்பர் இன்னும் இல்லை, என்ரை நம்பர் போடப் பயமாக் கிடக்கு. நாலைஞ்சு பேரைக் கேட்டனான்." நாலைந்து பேரும் சொன்னது என்ன என்பது தெரிந்ததுதான்.

சமையலறையில் இருந்து பாலேந்திரன் எட்டிப் பார்த்தார். மயூரா கதவடியில் நின்று, வேண்டாம் என்று தாய்க்குத் தலையசைத்தாள். விண்ணப்பத்துக்குப் பதில் வரவேண்டிய நேரம் அது. ராசமலர் ஒருவரையும் பார்க்கவில்லை. வின்சென்ற்றின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் இன்னும் அதைக் கழற்றவில்லை.

"உள்ளை வந்து இரும் தம்பி" என்றார். "அம்மாவின்ரை தாய் தேப்பன் பேர் என்ன?"

அறிவித்தல் மறுநாள் வந்தது. பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் பெயர் சொல்லவில்லை. "ஆர் எண்டு வேண்டாம் அக்கா. துக்கம் விசாரிக்கத்தான்" என்று வைத்துவிட்டார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது ஆள் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தார். மறுபடி வந்திருந்த வின்சென்ற் சோபாவின் நுனியில் இருந்து ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்தி வந்ததிலிருந்து அவன் அழவில்லை என்று ராசமலர் கணித்திருந்தார்.

நாலாவது குரல் பலத்துக் கேட்டது. "நான் ரவீந்திரன். திராமனிலை இருக்கிறன். சொந்தப் பேர், சொந்த நம்பர். ஒட்டுக் கேக்கிறவையும் வடிவாக் கேக்கட்டும். மேரியம்மா ரீச்சரிட்டை நாலாம் வகுப்பிலை அடி வாங்கினனான். எப்பிடி அடி எண்டு கேளுங்கோ! வாய்ப்பாடு பிழைச்சால் கையிலை, பக்கத்திலை இருக்கிறவன் சிரிச்சால் அவனுக்கும் கையிலை. மத்தியானம் சாப்பாடு கொண்டு வராத பெடியளைத் தன்ரை வீட்டை கூட்டிக்கொண்டு போறதும் அவதான். மகன் அங்கை நிக்கிறாரோ? குடுங்கோ அவரிட்டை."

ராசமலர் ரிசீவரை நீட்டினார். வின்சென்ற் வாங்கி, கேட்டுக்கொண்டே இருந்தான். "ஓம். ஓம் அண்ணை. என்னையும் அடிச்சவ" என்றான். அப்போதுதான் உடைந்து அழுதான். மயூரா போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

அதன் பிறகு வந்தவர்கள் பலர் பெயர் சொன்னார்கள். ஊரும் சொன்னார்கள். ஏன் என்று தெரியாது. ரவீந்திரன் நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாம். அந்த மாதத்தில் ஒளிக்க எதுவும் மிச்சமில்லை என்று ஆட்களுக்குத் தோன்றியிருக்கவும் கூடும்.

ஹில்டேயிடம் ராசமலர் தானே எடுத்துச் சொன்னார். ஹில்டே, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதுதான் நல்லது, இன்னொரு மறுப்பு பதிவானால் இனி எப்போதும் கஷ்டம் என்றார். திரும்பப் பெற்றார்கள். இந்திரகுமார் அந்த வருடம் ஆவணி வரைக்கும் இருந்தான். அக்காவும் தம்பியும் பிறகு சந்திக்கவில்லை.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்ற அன்று அவனுக்கு எடுத்தார். சுற்றிவளைக்கவில்லை. "என்னாலை வரேலாது, குமார். நான் நம்பர் குடுத்திட்டன்."

அவன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"நீ ஊருக்கெல்லாம் அக்கா" என்றான். "நான் ஆர் உனக்கு?"

ராசமலர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"செத்தது ஆர்?"

"ஒரு ரீச்சர். அடம்பனிலை படிப்பிச்சவ."

"உனக்குத் தெரியுமோ அவவை?"

"இல்லை."

பின்னால் எங்கோ அவன் மனைவி கோப்பை கழுவும் சத்தம். "அடக்கம் நடந்ததோ?"

"தெரியாதாம்."

"மகன்?"

"இஞ்சைதான். தனிய."

"சாப்பிட்டவனோ?"

"நேற்று என்னட்டைத்தான் சாப்பிட்டவன்."

இந்திரகுமார் இருமினான். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சரி, வை" என்றான். "லைனைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதை. ஆராவது எடுப்பினம்."